தோட்டத்து மண்ணை வெயில்ல வேகவைக்கிறது: எது சாகும், எது தப்பிக்கும்

நீங்க கேட்டது 'கறுப்பு பாலித்தீன் போட்டு ஒரு மாசம் மண்ணை மூடி வெச்சா உள்ள இருக்கற பூச்சியெல்லாம் செத்துடுமா, மண்புழுவும் சேந்து செத்துடுமா'ன்னு. ஆனா கூடவே எழுதியிருக்கறதப் பாத்தா உங்க பிரச்சினை பூச்சி மாதிரி தெரியல. திருச்சி பக்கம் வீட்டுக்குப் பின்னாடி 2 சென்ட், மூணு வருஷமா அதே இடத்துல தக்காளியும் கத்தரியும் மாத்தி மாத்தி, பூ வெக்கிற நேரத்துல செடி மத்தியானம் துவண்டு சாயங்காலம் நிமிருது, அப்புறம் ஒருநாள் நிமிராமலே போயிடுது, பிடுங்கிப் பாத்தா வேரெல்லாம் முடிச்சு முடிச்சா இருக்குன்னு சொல்லியிருக்கீங்க. அப்ப நீங்க உண்மையில கேக்கறது இந்த மண்ணுலயே திரும்ப தக்காளி கத்தரி வெக்கலாமா, அதுக்கு வெயில் உதவுமான்னு தான். உதவும். ஆனா கறுப்பு ஷீட் வேணாம், அப்புறம் எல்லாத்துக்கும் உதவாது. நான் தோட்டக்கலை படிச்சிட்டு காய்கறி நாத்து நர்சரி நடத்தறவன், வருஷா வருஷம் சித்திரையில நாத்தங்கால் மண்ணை இப்படித்தான் தயார் பண்றேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

மொதல்ல மண்ணுல இருக்கறது யாருன்னு தெரியணும், ஏன்னா வெயில் கொல்றது மேல் அரை அடி, முக்கால் அடி வரைக்கும் தான், அதுக்குக் கீழ இருக்கறவன் தப்பிச்சுடுவான். செத்த செடியை இழுத்துப் பிடுங்காதீங்க, முடிச்சு எல்லாம் மண்ணுலயே அறுந்து நின்னுடும், சுத்தி மண்வெட்டியால தோண்டி எடுத்து பக்கெட் தண்ணியில மெதுவா அலசுங்க. முடிச்சு வேரோட வேரா, வேரே வீங்கிப்போன மாதிரி இருந்து நகத்தால சுரண்டினா வராம இருந்தா அது வேர் முடிச்சு நூற்புழு, கண்ணுக்குத் தெரியாத குட்டிப் புழு. (அவரை, தட்டைப்பயறு வேர்ல இருக்கற முடிச்சு வேற, அது வேர் மேல ஒட்டிட்டு இருக்கும், தேச்சா உதிர்ந்துடும், உள்ள இளஞ்சிவப்பா இருக்கும், அது நல்ல பாக்டீரியா, அதைப் பாத்து பயப்பட வேணாம்.) அடுத்தது, அதே செடியோட அடித்தண்டை ஒரு விரல் நீளத்துக்கு நறுக்கி கண்ணாடி டம்ளர்ல சுத்தமான தண்ணி ஊத்தி வெட்டுன முனை மட்டும் முங்கற மாதிரி ஆட்டாம பிடிங்க. ரெண்டு மூணு நிமிஷத்துல பால் மாதிரி மெல்லிசா ஒரு இழை கீழ இறங்கினா அது பாக்டீரியா வாடல். இழை வராம தண்டைப் பிளந்தா உள்ள பழுப்புக் கோடு ஓடுது, செத்துப்போறதுக்கு முன்னாடி கீழ் இலைங்க மஞ்சளாச்சுன்னா ஃபியூசேரியம் பூஞ்சாண வாடலா இருக்க வாய்ப்பு அதிகம். நூற்புழு குத்துன வேர்ல இந்த ரெண்டு வாடலும் சுலபமா உள்ள போயிடும், அதனால உங்க தோட்டத்துல ரெண்டு பேரும் கூட்டாளியா இருக்கவும் சான்ஸ் இருக்கு. இதை ஏன் இவ்வளவு இழுக்கறேன்னா நூற்புழுவுக்கும் ஃபியூசேரியத்துக்கும் வெயில் வைத்தியம் நல்லாவே கேக்கும், பாக்டீரியா வாடலுக்கு எனக்கு அந்த நம்பிக்கை இல்ல.

நனைச்ச மண்ணை கண்ணாடி மாதிரி தெளிவான பாலித்தீன் ஷீட்டால மூடி வெயில்ல வேகவைக்கிற இந்த முறைக்குப் பேர் சோலரைசேஷன். இஸ்ரேல்ல ஹீப்ரு பல்கலைக்கழகத்தோட ரெஹோவோத் வளாகத்துல இருந்த யாக்கோவ் கட்டானும் அவர் கூட இருந்தவங்களும் 1976ல இதை ஆராய்ச்சிக் கட்டுரையா போட்டாங்க, அதுக்கு விதை போட்டது ஜோர்டான் பள்ளத்தாக்கு விவசாயிங்களும் விரிவாக்க அலுவலருங்களும் தான், பாலித்தீன் மூடாக்குக்கு அடியில மண்ணு எப்படி சுடுதுன்னு அவங்க கவனிச்சிருந்தாங்க. அப்புறம் கலிஃபோர்னியாவுல பெரிய அளவுல எடுத்துக்கிட்டாங்க. மண்ணைப் புகை போட்டு சுத்தம் பண்ண அப்ப மெத்தில் புரோமைடுன்னு ஒரு வாயுவைத் தான் அடிச்சிட்டு இருந்தாங்க, அது ஓசோனைக் கெடுக்குதுன்னு மான்ட்ரியல் ஒப்பந்தத்துல பணக்கார நாடுகளுக்கு 2005, நம்மள மாதிரி நாடுகளுக்கு 2015ன்னு கெடு வெச்சு நிறுத்த வெச்சதும் இதுக்கு இன்னும் மவுசு வந்துச்சு. நம்ம ஊர்ல பிளாஸ்டிக் வர்றதுக்கு முன்னாடியே இதோட ஒன்றுவிட்ட அண்ணன் ஒருத்தன் இருந்தான், கோடை உழவு. சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்னு சும்மா சொல்லல. ஆனா அது வேற வழியில வேலை செய்யுது, மண்ணைப் பொரட்டி காய வெச்சு கூட்டுப்புழுவை மேல கொண்டாந்து வெயிலுக்கும் மைனாவுக்கும் காட்டறது அது. இது காய வெக்கிறது இல்ல, ஈரத்தோட வேகவைக்கிறது.

ஈரம் தான் இதுல பாதி விஷயம், நிறைய பேர் கோட்டை விடறதும் இங்க தான். காஞ்ச மண்ணு மேல சுடும், சூட்டைக் கீழ அனுப்பாது. ஈர மண்ணு அனுப்பும். அதோட காஞ்சு உறங்கிட்டு இருக்கற விதையும் பூஞ்சாண வித்தும் சூட்டை ரொம்ப நேரம் தாங்கும், ஈரம் குடிச்சு முழிச்சுட்டா தாங்காது. அடுத்தது சூடும் நேரமும் ஒண்ணுக்கொண்ணு ஈடு. செடிக்கு நோய் குடுக்கற பெரும்பாலான பூஞ்சாணம் 37 டிகிரியில 90 சதவீதம் சாக 2ல இருந்து 4 வாரம் பிடிக்கும், அதே 47 டிகிரி கெடச்சா 1ல இருந்து 6 மணி நேரம் போதும். நூற்புழு முட்டையும் குஞ்சும் 42 டிகிரி சூடு மொத்தமா ஒரு நாள் கிட்ட கெடச்சா தாக்குப்பிடிக்காது. நம்ம பக்கம் மே மாசத்துல ஒழுங்கா மூடின மண்ணு 5 சென்டிமீட்டர் ஆழத்துல மத்தியானம் 50 டிகிரியைத் தாண்டும், 15 சென்டிமீட்டர்ல 40ல இருந்து 45 வரைக்கும் போகும், ஒரு அடியில 36, 37 தாண்டறதே கஷ்டம். இந்தக் கணக்கை வெச்சுப் பாத்தா ஏன் 4ல இருந்து 6 வாரம் மூடச் சொல்றாங்கன்னு புரியும், மேல் மண்ணுக்கு ஒரு வாரமே போதும், மிச்ச நாளெல்லாம் கீழ் மண்ணுக்காக.

அப்ப எது சாகும்? நாற்றழுகல் குடுக்கற பூஞ்சாணங்களான பித்தியம், ரைசாக்டோனியா, ஃபியூசேரியம், தண்டு மண்ணைத் தொடற இடத்துல வெள்ளையா நூல் படர்ந்து கடுகு மாதிரி உருண்டை உருண்டையா விடுமே அந்த ஸ்கிளிரோஷியம், இதெல்லாம் மேல் மண்ணுல நல்லாவே கொறையும். களைவிதை அப்படியே அவிஞ்சுடும், பார்த்தீனியம், குப்பைக்கீரை, சின்னப் புல்லு எல்லாம். பூச்சின்னு பாத்தா மேல் 2 அங்குலத்துல கூட்டுப்புழுவா இருக்கறவங்க, அதாவது பாகல் பீர்க்கன்ல காயைக் குத்தற பழ ஈ, காய்ப்புழு, வெட்டுப்புழு, இவங்க போயிடுவாங்க, நத்தை முட்டையும் போயிடும். சாகாதது எதுன்னா கோரை. கோரைக்கிழங்கு சாகாது, சில சமயம் சூடு பட்டு எல்லாக் கிழங்கும் ஒண்ணா முளைச்சு ஷீட்டையே குத்திட்டு வெளிய வரும், அதனால கோரை இருந்தா மொதல்ல கிழங்கோட தோண்டி எடுத்துட்டுத் தான் இந்த வேலை. அருகம்புல்லோட ஆழத்து வேரும் தப்பிச்சுடும். வேர்ப்புழு, அந்த வெள்ளையா வளைஞ்சு கிடக்குமே, அது சூடு வந்ததும் கீழ இறங்கிடும், கரையானும் எறும்பும் அப்படித்தான். வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, அசுவிணிக்காக இதைப் பண்றேன்னு யாராவது சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, அவங்க குடும்பம் நடத்தறது செடி மேல.

இப்ப ஷீட். கறுப்பு ஷீட் வெயிலைத் தான் குடிச்சுக்கும், தான் சுடும், அதுக்கும் மண்ணுக்கும் நடுவுல இருக்கற காத்து சூட்டைத் தடுத்துடும், மண்ணுக்குப் போறது கொஞ்சம் தான். கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் தெரியற ஷீட்டுல வெயில் நேரா மண்ணுல விழும், மண்ணு சுடும், அடியில கோத்து நிக்கற தண்ணி முத்து சூட்டைத் திரும்ப வெளிய விடாது. கறுப்பு ஷீட் களையை இருட்டுல போட்டுக் கொல்ல நல்லது, நோய்க்கு அது பத்தாது. நீல சில்பாலின் தார்ப்பாய் சுத்தமா வேணாம். ஹார்டுவேர் கடையில 'வெள்ளை ஷீட்'னு கேட்டா பால் கலர்ல ஒண்ணு குடுத்துடுவாங்க, கையை உள்ள விட்டுப் பாருங்க, ரேகை தெரியணும். தடிமன் 25ல இருந்து 50 மைக்ரான், கடைக்காரர் பாஷையில 100 கேஜ், 200 கேஜ். மெல்லிசா இருந்தா சூடு கொஞ்சம் கூட ஏறும், ஆனா நாய் பூனை நடந்தா கிழியும், வீட்டுத் தோட்டத்துக்கு 200 கேஜ் தான் என் சாய்ஸ். 50 மைக்ரான் ஷீட் ஒரு சதுர மீட்டர் 46 கிராம் எடை வரும், உங்க 2 சென்ட் சுமார் 81 சதுர மீட்டர், ஓரத்துல புதைக்கறதையும் சேத்து 5 கிலோ வாங்கினா போதும், கிலோ கணக்குல தான் விப்பாங்க. யூவி ஸ்டெபிலைஸ்டு (வெயில்ல சீக்கிரம் மக்காத) ஷீட் கெடச்சா அடுத்த வருஷத்துக்கும் மடிச்சு வெக்கலாம், சாதா ஷீட்னா 6 வாரத்துக்கு மேல விடாதீங்க, வெயில்ல மொறுமொறுன்னு ஆகி எடுக்கும்போது தூள் தூளா மண்ணுல கொட்டும், அதைப் பொறுக்கறது தனி தண்டனை.

போடற விதம் சொல்றேன். பழைய செடியை வேரோட எடுத்து எரிச்சுடுங்க, கம்போஸ்ட் குழியில போடாதீங்க, பெரிய வேர் முடிச்சுக்குள்ள இருக்கற முட்டைக்கு சூடு சரியா போய்ச் சேராது. மண்வெட்டியில ஒரு அடி ஆழம் கொத்தி கட்டி உடைச்சு, கல்லு குச்சி பொறுக்கி, ரேக் போட்டு பலகை மாதிரி சமன் பண்ணுங்க. மேடு பள்ளமா இருந்தா ஷீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவுல காத்து நின்னு சூடு கொறையும், மேல மழைத்தண்ணி தேங்கற எடமும் ஆறிடும். தொழுவுரமோ மண்புழு உரம் தவிர்த்த மத்த உரமோ போடறதா இருந்தா இப்பவே கலந்துடுங்க, அதுல இருக்கற களைவிதையும் சேந்து போகட்டும். சாயங்காலம் தண்ணியை ஊற விட்டு ஒரு அடி வரைக்கும் நனையணும், மறுநாள் காலையில கையில எடுத்துப் பிடிச்சா உருண்டை நிக்கணும், தண்ணி சொட்டக் கூடாது. அன்னிக்கே ஷீட்டை விரிச்சு இழுத்துப் பிடிச்சு, சுத்தி அரை அடிக்கு வாய்க்கால் பறிச்சு ஓரத்தை அதுல விட்டு மண்ணைத் தள்ளி மிதிச்சுடுங்க. செங்கல் மட்டும் வெச்சா பத்தாது, காத்து உள்ள பூந்துச்சுன்னா எல்லாம் வீண். ஓட்டை விழுந்தா அன்னிக்கே செல்லோ டேப் ஒட்டணும். ஓரத்துல ஒரு அடிக்கு எப்பவும் சூடு கம்மியா தான் இருக்கும், அதனால ஒன்றரை அடி அகலப் பாத்தியைத் தனித்தனியா மூடறதுல பிரயோஜனம் கம்மி, மொத்தமா ஒரே ஷீட்டா போடுங்க. கம்பி மாதிரி மண்ணுல குத்திப் பாக்கற ப்ரோப் தெர்மாமீட்டர் ஒண்ணு இருந்தா ஓரத்துல இருந்து தள்ளி ஷீட்டுல சின்ன ஓட்டை போட்டு 15 சென்டிமீட்டர் எறக்கி சாயங்காலம் 4 மணிக்குப் பாருங்க, பாத்துட்டு டேப் ஒட்டிடுங்க. 40க்கு மேல காட்டினா நிம்மதியா இருக்கலாம், 35லயே நிக்குதுன்னா ஈரமோ, காத்தோ, நிழலோ ஏதோ ஒண்ணு இடிக்குது. மாமரம், வேப்பமரம் நிழல் ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் விழற எடத்துல இதை மெனக்கெட்டு பண்ணாதீங்க.

திருச்சிக்கு ஏப்ரல் நடுவுல இருந்து மே கடைசி வரைக்கும், கத்திரி வெயில் உள்ள அடங்கற மாதிரி பிளான் பண்ணுங்க. கோயம்புத்தூர், பொள்ளாச்சி பக்கம்னா ஜூன்ல மேகமும் காத்தும் வந்துடும், அவங்க மார்ச் கடைசியிலயே ஆரம்பிக்கணும். கோடை மழை பேஞ்சா பயப்பட வேணாம், மேல தேங்கின தண்ணியைத் தொடைப்பத்தால தள்ளி விட்டுட்டு ரெண்டு மூணு நாள் கூட வெச்சுக்கோங்க. ஊட்டி கொடைக்கானல் ஆளுங்க யாராவது இதைப் படிச்சா, வெட்டவெளியில உங்களுக்கு இது சரிவராது, 1961ல நீலகிரி உருளைக்கிழங்குல கண்டுபிடிச்ச முட்டைக்கூடு நூற்புழுவை இந்த முறையில ஒழிக்கலாம்னு யாராவது சொன்னா காசு செலவு பண்ணாதீங்க.

மண்புழு கேட்டீங்க. நிலத்துல இருக்கற மண்புழு சூடு வந்ததும் கீழ இறங்கிடும், ஷீட் எடுத்து சூடு ஆறினதும் மேல வரும். கோடையில அது எப்படியும் ஆழத்துல தான் இருக்கும். நல்ல நுண்ணுயிர்ல பேசில்லஸ் வகை சூடு தாங்கும், டிரைக்கோடெர்மா சீக்கிரம் திரும்ப பரவிடும், அதாவது வெயில் எல்லாரையும் கொன்னு மண்ணை மலடாக்கிடறது இல்ல, நோய்க்கிருமியைத் தான் அதிகமா அடிக்குது, காலியான எடத்தை நல்லவங்க பிடிச்சுக்கறாங்க. ரைசோபியம், அதாவது பயறு வேர் முடிச்சுல இருக்கற அந்த நல்ல பாக்டீரியா, அது மட்டும் அடிபடும், அதனால அடுத்து அவரை பயறு போட்டா விதைக்கு ரைசோபியம் கலந்துக்கோங்க. இன்னொண்ணு, சூட்டுல மக்கு சிதைஞ்சு அம்மோனியம், நைட்ரேட் சத்து மண்ணுல கூடும், நோயே இல்லாத மண்ணுல கூட சோலரைஸ் பண்ணினா செடி திமுதிமுன்னு வளர்றதுக்கு அது ஒரு காரணம். மொதல் மாசம் யூரியா பக்கம் போகாதீங்க, தக்காளி இலையா வளந்து காய் விடாது.

இப்ப சந்தேகமான எடத்துக்கு வர்றேன். டம்ளர்ல பால் இழை இறங்கிச்சுன்னா, அந்த பாக்டீரியா ஆழத்துலயும் இருக்கும், தண்ணியோட நகரும், களையோட வேர்லயும் ஒளிஞ்சிருக்கும். சோலரைசேஷன்ல சில எடத்துல நல்லா கொறைஞ்சிருக்கு, சில எடத்துல ஒண்ணும் நடக்கல. எனக்கு அந்த நெலமைன்னா அந்த நிலத்துல ரெண்டு மூணு வருஷம் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை நாலையும் நிறுத்துவேன், இல்லன்னா சுண்டைக்காய் வேர்ல ஒட்டுப் போட்ட கத்தரி நாத்து வாங்கி வெப்பேன். நூற்புழு விஷயத்துல சந்தேகம் வேற மாதிரி, மேல் மண்ணுல சாகும்கறதுல சந்தேகமே இல்ல, ஆனா ஒரு அடிக்குக் கீழ இருக்கறது அடுத்த சீசன்ல கொஞ்சம் கொஞ்சமா மேல வரும், மொத ஒரு பயிர் அருமையா வரும், ரெண்டாவது பயிர்ல முடிச்சு திரும்பத் தெரிய ஆரம்பிக்கும். அதனால இது ஒரு தடவை பண்ணிட்டு மறந்துடற வேலை இல்ல. ஷீட் எடுத்ததும் சதுர மீட்டருக்கு 200 கிராம் வேப்பம்புண்ணாக்கு, ஒரு பயிருக்கும் அடுத்த பயிருக்கும் நடுவுல நெருக்கமா செண்டுமல்லி, இது ரெண்டும் நான் விடாம பண்றது. கோழி எருவைக் கலந்து மூடினா கொல்ற சக்தி கூடும்னு சொல்வாங்க, அது உண்மை தான், அழுகும்போது வர்ற அம்மோனியாவும் சேந்து வேலை செய்யும், ஆனா அளவு மீறினா உப்பு ஏறி நாத்து கருகும், ஷீட் எடுத்துட்டு மூக்கைப் பொத்தற வாசம் போற வரைக்கும் நட வேணாம்.

மாடியில நாலஞ்சு குரோபேக் இருக்குன்னும் கடைசியில ஒரு வரி எழுதியிருந்தீங்க, அது நிலத்தை விட சுலபம், ஏன்னா அங்க கீழ தப்பிச்சு ஓட எடம் இல்ல. (மண்புழுவுக்கும் இல்ல, அதனால கண்ணுல பட்டதை மொதல்ல பொறுக்கி வேற தொட்டியில விட்டுடுங்க.) மண்ணைக் கொட்டி நனைச்சு, டிரான்ஸ்பரன்ட் கவர்ல முக்கால் அடிக்கு மேல தடிமன் வராம ரொப்பி வாயைக் கட்டி, மரப்பலகை மேல வரிசையா வெச்சு, அது மேல கம்பி வளைச்சு இன்னொரு ஷீட் போட்டு மூடுங்க. ரெண்டு ஷீட்டுக்கு நடுவுல காத்து நின்னா சூடு இன்னும் கூடும். கலிஃபோர்னியா நர்சரிகளுக்கு வெச்சிருக்கற கணக்கு 70 டிகிரியில 30 நிமிஷம், இல்ல 60 டிகிரியில 1 மணி நேரம், அதுவும் நடுமண்ணுல. சித்திரை வெயில்ல மொட்டை மாடியில அதை எட்டறது நடக்கக்கூடியது தான், தெர்மாமீட்டர் இல்லன்னா ரெண்டு வாரம் வெச்சுடுங்க.

ஷீட் எடுத்ததுக்கு அப்புறம் ஆழமா கொத்தாதீங்க, இது ரொம்ப முக்கியம். 2 அங்குலம் கீறி விட்டா போதும், அடியில இருக்கற வேகாத மண்ணையும் களைவிதையையும் மேல இழுத்துப் போட்டா பண்ணின வேலை கோவிந்தா. ஒரு வாரம் ஆற விட்டு டிரைக்கோடெர்மா விரிடியும் சூடோமோனாஸும் (நோயை அடக்கற நல்ல பூஞ்சாணமும் பாக்டீரியாவும்) மக்கின எருவுல கலந்து தூவுங்க, மண்புழு உரமும் அப்ப போடுங்க. பக்கத்து நிலத்துல வேலை செஞ்ச மண்வெட்டியைக் கழுவாம உள்ள கொண்டு வராதீங்க. அதை விட பெரிய ஆபத்து வெளிய வாங்கற நாத்து, அதோட வேர் மண்ணுல நூற்புழு இருந்தா சுத்தம் பண்ணின நிலத்துல போட்டியே இல்லாம பெருகும். அதனால இந்த வருஷம் 2 சென்ட் முழுக்க மூட முடியலன்னா, ஒரு 6 அடிக்கு 6 அடி நாத்தங்காலை மட்டுமாவது மூடி, அதுல நீங்களே நாத்து விடுங்க, ஓரத்துல ஒரு அடி விட்டுட்டு நடுவுல மட்டும் விதைங்க.